இரண்டு கண்ணும் ஒரு கேம் பெட்டியும்

கொஞ்சம் நீண்ட பதிவு இது. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கட்டாரில் இருக்கும் என் மச்சான் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் அனுப்பியிருந்தார். "மச்சான், வரக்குள்ள புள்ளைகளுக்கு ஒரு கேம் எடுத்துட்டு வரணும். டிவியில மாட்டுறத எடுக்கவா, தலையில மாட்டுறத எடுக்கவா? தலையில மாட்டுறதுல எல்லாம் 3டியில தெரியுமாம். இனி வாறது எல்லாம் அப்படித்தானாம். நீங்க படிப்பிக்கிற ஆள் தானே, விசாரிச்சுச் சொல்லுங்க."

வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு டிவி, ஒரு ஹோல். விலையைத்தான் அவர் விசாரிக்கச் சொன்னார். வரலாறு படிப்பிக்கிறவனிடம் கேட்டால் என்ன நடக்கும்? நான் ஆயிரம் வருடம் பின்னுக்குப் போய்விட்டேன்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். நூல் ஊசிக்கு முன்னால் போகும், பின்னால் போகும், காதுக்குள் மட்டும் போகாது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒரே தடவையில் முடிகிற வேலை. இடது கண் பார்ப்பதும் வலது கண் பார்ப்பதும் கொஞ்சம் வித்தியாசமான இரண்டு படங்கள். மூளை அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது கிட்ட, எது தூரம் என்று கணக்குப் போடுகிறது. 3டி என்று விற்கப்படுகிற சாமான்கள் எல்லாமே இந்த ஒரு கணக்கை ஏமாற்றும் வேலைதான்: இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு வேறொரு படம்.

இரண்டு கண் பார்வையைப் பரிசோதனை செய்து எழுதியவர்களில் முக்கியமானவர் நம்முடைய இப்னு அல்-ஹைதம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். 11ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில், மூக்குக்கு நேராக ஒரு பலகையை வைத்து, அதில் சின்ன மெழுகுத் தூண்களை நிறுத்தி, ஒன்றை உற்றுப் பார்க்கும்போது மற்றவை எப்படி இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்று விளக்கியிருக்கிறார். இதை வைத்து "3டியைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம்" என்று வாட்ஸ்அப்பில் போடத் தேவையில்லை. அவர் அப்படிச் சொல்லவுமில்லை. இரண்டு கண் படங்களுக்கும் உள்ள வித்தியாசமே ஆழத்தைக் காட்டுகிறது என்று நிரூபித்தவர் இங்கிலாந்தின் சார்ள்ஸ் வீட்ஸ்டன். ஆண்டு 1838. இரண்டு கண்ணாடிகள், இரண்டு கோட்டுப் படங்கள், நடுவில் மூக்கு. அந்தக் கருவிக்கு அவர் வைத்த பெயர் ஸ்டீரியோஸ்கோப்.

அடுத்த வருடமே புகைப்படக் கலை உலகத்துக்கு வந்தது. 1849இல் டேவிட் புரூஸ்டர் லென்ஸ் வைத்த சின்னப் பெட்டியாக ஸ்டீரியோஸ்கோப்பை மாற்றினார். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் விக்டோரியா மகாராணி அதைப் பார்த்து வியந்த பிறகு வசதியான வீடுகளிலெல்லாம் அது ஏறியது. 1861இல் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் கையில் பிடித்துப் பார்க்கும் மலிவான வடிவம் ஒன்றைச் செய்து, யாரும் செய்துகொள்ளட்டும் என்று காப்புரிமை எடுக்காமல் விட்டார். அதற்குப் பிறகு அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட், கீஸ்டோன் என்ற அமெரிக்கக் கொம்பனிகள் உலகம் முழுக்கப் படப்பிடிப்பாளர்களை அனுப்பி, இரட்டைப் படம் ஒட்டிய அட்டைகளை லட்சக்கணக்கில் விற்றன. கீஸ்டோன் பாடசாலைகளுக்கென்றே தனித் தொகுப்புகள் போட்டது.

அந்த அட்டைகளில் நாமும் இருக்கிறோம். 1900ஐ ஒட்டிய வருடங்களில் அவர்கள் இலங்கைக்கு வந்து தேயிலை மலைகளையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளத்தில் தேடினால் போனிலேயே பார்க்கலாம். கூடை சுமந்த பெண்கள், பக்கத்தில் கங்காணி, பின்னால் அடுக்கடுக்காக மலை. படத்தில் இருக்கிறவர்களின் பெயர் கிடையாது. தமிழர், கூலிகள், கொழுந்து பறிப்போர், அவ்வளவுதான் தலைப்பு. அமெரிக்காவில் ஒரு வீட்டு விறாந்தையில் ஒருவர் பின்னேரம் உட்கார்ந்து, நம்முடைய பூட்டிமாரின் முகத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் பார்த்திருக்கிறார். கொழுந்தெடுத்த பெண்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கக் கிடைத்திருக்கும்?

இந்தக் கேள்வி மனதில் கிடந்ததால்தான் போன வருடம் தரம் 5 பிள்ளைகளுக்கு அதைக் காட்டினேன். 2014இல் கூகுள் கொண்டுவந்த காட்போட் ஞாபகமிருக்கிறதா? அட்டைப் பெட்டி, இரண்டு பிளாஸ்டிக் லென்ஸ், உள்ளே போன். அதே மாதிரி ஒன்று என்னிடம் கிடந்தது. தேயிலை அட்டைப் படத்தைப் போனில் போட்டு, வரிசையில் நிற்க வைத்துக் காட்டினேன். வகுப்பே இரைச்சலாகிவிட்டது. "சேர், கூட வெளிய வந்துருச்சு சேர்!" ஒரு பிள்ளை கையை நீட்டித் தொடப் பார்த்தது. நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய ஒரு தோட்டத்துப் பெண்ணை, இன்றைய தோட்டத்துப் பிள்ளை தொடப் பார்க்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஒரு பையன் மட்டும் பெட்டியைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு சும்மா போட்டோ மாதிரித்தான் இருக்கு சேர்."

போன் சரியாக வைக்கவில்லை என்று நினைத்து மறுபடி கொடுத்தேன். அதே பதில். பிறகு அவனுடைய ஒரு கண்ணைப் பொத்திக் கரும்பலகையை வாசிக்கச் சொன்னேன், வாசித்தான். மற்றக் கண்ணைப் பொத்தினேன். பெரிய எழுத்தைக்கூட வாசிக்க முடியவில்லை. அவனை நான் இரண்டு வருடம் படிப்பித்திருக்கிறேன். கிரிக்கெட்டில் கைக்கு வந்த பந்தை விடுகிறான் என்று கத்தியிருக்கிறேன். "கவனம் எங்கடா இருக்கு" என்று கேட்டிருக்கிறேன். கண் டொக்டர் அதற்குச் சொன்ன பெயர் சோம்பல் கண். ஒரு கண் அனுப்பும் படத்தை மூளை ஏற்காமல் ஒதுக்கி வைக்கப் பழகிவிடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒவ்வொரு நாளும் சில மணித்தியாலம் மூடி வைத்தால் அந்தக் கண்ணை வேலை வாங்கலாம். ஆனால் ஏழு வயதுக்கு முன்பு பிடித்தால் கிடைக்கும் பலன் பிறகு கிடைப்பது கஷ்டம். அவனுக்குப் பத்து வயது. இப்போது கொஞ்சம் முன்னேற்றம் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆழம் இன்னும் தெரியவில்லை.

நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கும் என்கிறார்கள். இனி மச்சானின் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பையனை மனதில் வைத்துக்கொண்டுதான் கேம் பெட்டிகளின் கதையைச் சொல்லப் போகிறேன்.

எங்கள் வயதுக்காரருக்குத் தெரிந்த முதல் கேம் கன்சோல் "டிவி கேம்". மஞ்சள் கசட், இரண்டு ஜோய்ஸ்டிக், மாரியோ, கொன்ட்ரா. லேனுக்கே ஒன்றுதான். ஒரு உயிர் போனால் அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு பேர் விளையாடினால் பத்துப் பேர் பார்ப்போம், அதில் ஒன்பது பேர் புத்தி சொல்வோம். கரண்ட் போனால் எல்லோருமாகச் சேர்ந்து மின்சார சபையைத் திட்டுவோம். அது நிண்டெண்டோவின் 'ஃபேமிகொம்' என்ற ஜப்பான் பெட்டியின் நகல் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்த மூலப் பெட்டிக்கே 1987இல் ஜப்பானில் 3டி கண்ணாடி விற்றார்கள் என்பதைப் பிறகுதான் வாசித்தேன். வலதும் இடதும் மாறி மாறிக் கண் சிமிட்டுகிற திரவப் படிகக் கண்ணாடி. டிவியில் இடது படம் வரும்போது வலது கண்ணை மூடும், வலது படம் வரும்போது இடது கண்ணை மூடும். படம் நடுங்கும், தலை வலிக்கும், விளையாட்டுகளும் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஜப்பானை விட்டு வெளியே வரவேயில்லை. அதே வருடம் சேகா கொம்பனியும் தன் மாஸ்டர் சிஸ்டம் பெட்டிக்கு இதே மாதிரிக் கண்ணாடி போட்டுப் பார்த்தது. அதற்கும் முன்னால், 1984இல் வெக்ட்ரெக்ஸ் என்ற பெட்டிக்கு ஒரு சுழலும் வட்டு வைத்த மூடி வந்தது. ஆக, இது "இனி வரப்போகிற" சாமான் இல்லை மச்சான். நாற்பது வருடமாக வந்து வந்து போகிற சாமான்.

பெரிய அடி விழுந்தது 1995இல். கேம் போயை உருவாக்கிய குன்பேய் யோகோய் என்ற பெரிய மூளைக்காரர், வர்ச்சுவல் போய் என்ற கருவியைச் செய்தார். மேசையில் கால் ஊன்றி நிற்கும், நீங்கள் குனிந்து முகத்தை அதற்குள் புதைக்க வேண்டும். உள்ளே சிவப்பும் கறுப்பும் மட்டும்தான், ஏனென்றால் அந்தக் காலத்தில் சிவப்பு எல்ஈடிதான் மலிவு. சிறு பிள்ளைகளின் கண்ணுக்கு ஆகாது என்ற எச்சரிக்கை வேறு. ஒரு வருடத்துக்குள் கடையை மூடினார்கள். உலகம் முழுக்க விற்றது ஏழு லட்சத்து எழுபதாயிரம் அளவுதான்.

அதன் தோல்விக்குச் சிவப்பு நிறத்தைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது முழுக் காரணமாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருக்கிறவனுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாத ஒரு வீட்டு விளையாட்டு அது. நம் டிவி கேமில் சுற்றியிருந்த ஒன்பது பேரையும் அது வெளியே அனுப்பிவிட்டது.

நிண்டெண்டோ இந்த ஆசையை விடவில்லை. 2001இல் வந்த கேம்கியூப் பெட்டிக்குள்ளேயே 3டி காட்டும் சுற்றை வைத்திருந்தார்களாம். அதற்கேற்ற திரை விலை கூடியதால் வெளியே சொல்லவில்லை என்று கொம்பனித் தலைவர் சத்தோரு இவாட்டா பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். கடைசியில் 2011 பெப்ரவரியில் கண்ணாடியே தேவைப்படாத 3டிஎஸ் வந்தது. திரைக்கு முன்னால் மெல்லிய கோடுகள் கொண்ட ஒரு தடுப்பு, அந்தக் கோடுகளின் இடைவெளி வழியாக ஒரு வரிசை இடது கண்ணுக்கும் அடுத்த வரிசை வலது கண்ணுக்கும் போகும். வேலி இடுக்கால் எட்டிப் பார்ப்பது மாதிரி. நேராகப் பிடித்திருந்தால் அருமை. கொஞ்சம் சரிந்தால் படம் இரட்டிக்கும்.

விலை 250 டொலர். ஆட்கள் வாங்கவில்லை. ஆறு மாதம்கூடப் போகவில்லை, ஓகஸ்டில் 170 டொலருக்கு இறக்கினார்கள். அதற்குப் பிறகு நல்ல கேம்கள் வந்து, கடைசியில் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. 3டியால் விற்றதா என்று கேட்டால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2013 ஒக்டோபரில் அதே கொம்பனி 2டிஎஸ் என்று ஒன்றை இறக்கியது. அதே விளையாட்டுகள், ஆழம் இல்லை, விலை குறைவு, சின்னப் பிள்ளைகளுக்கு. 2017இல் வந்த சுவிட்ச் பெட்டியில் 3டியே கிடையாது. அது 15 கோடியைத் தாண்டி விற்றுவிட்டது.

ஆனாலும் 3டிஎஸ்ஸில் இருந்த ஒரு சாமானை நான் மெச்சுகிறேன். திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தள்ளு பொத்தான். மேலே தள்ளினால் ஆழம் கூடும், கீழே இழுத்தால் குறையும், முழுக்க இழுத்தால் தட்டையான படம். எல்லோருடைய கண்ணும் ஒன்றில்லை என்பதை ஒத்துக்கொண்ட பொத்தான் அது. என் தரம் 5 பையன் அதை முழுக்க இழுத்து வைத்துக்கொண்டு எல்லோரோடும் விளையாடலாம், அவனுக்கு ஒன்றும் குறையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் 3டி பார்க்க வேண்டாம் என்று கொம்பனி எச்சரித்தபோது, அமெரிக்கக் கண் பரிசோதகர் சங்கம் வேறு மாதிரிப் பேசியது. 3டி தெரியாத பிள்ளைக்குக் கண்ணில் ஏதோ குறை இருக்கலாம், உடனே காட்டுங்கள், இது ஒரு வாய்ப்பு என்றது. என் அட்டைப் பெட்டி செய்த வேலையும் அதுதான்.

டிவிப் பக்கம் என்ன நடந்தது? 2009 டிசம்பரில் 'அவதார்' படம் வந்து உலகத்தையே 3டி பைத்தியமாக்கியது. தமிழ்ப் படம் பார்க்கிறவர்களுக்கு இது பழைய கதை. 1984இல் கேரளத்தின் நவோதயா எடுத்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் 3டி படம். 1985இல் விஜயகாந்தின் 'அன்னை பூமி' தமிழில் வந்தது. குட்டிச்சாத்தான் காலத்தில் கண்ணாடியால் கண்நோய் பரவுகிறது என்று கதை கிளம்பி, கண்ணாடிகளைக் கழுவித்தான் தருகிறோம் என்று பெரிய நடிகர்களை வைத்துப் படத்துக்கு முன்னால் விளக்கம் காட்ட வேண்டியதாகிவிட்டது. அவதாருக்குப் பிறகு கொம்பனிகள் 3டி டிவி செய்தன. 2010இல் சோனி பிளேஸ்டேஷன் 3இல் 3டி விளையாட்டுகளைத் திறந்துவிட்டது. ஒரே படத்தை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக வரைய வேண்டியிருந்ததால் பெட்டி திணறியது, படத்தின் தெளிவைக் குறைத்தார்கள். கண்ணாடி போட்டால் வெளிச்சம் பாதி. விருந்தாளி நாலு பேர் வந்தால் நாலு கண்ணாடிக்கு எங்கே போவது? 2016இல் சாம்சுங்கும் 2017இல் எல்ஜியும் சோனியும் 3டி டிவியைக் கைவிட்டன.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றிருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 2011இல் சோனி ஒரு 24 அங்குல 3டி திரை விற்றது. அதில் ஒரு உபாயம். இடது படம், வலது படம் என்று அனுப்புவதற்குப் பதிலாக, முதல் ஆளுக்கு ஒரு முழுப் படம், இரண்டாம் ஆளுக்கு வேறொரு முழுப் படம். இருவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் ஆட்டம் மட்டும் திரை முழுக்கத் தெரியும். திரையை நடுவில் கிழித்துப் பங்கு போடத் தேவையில்லை. 3டிக்காகச் செய்த நுட்பத்தை ஆழத்துக்குப் பயன்படுத்தாமல் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைக்கப் பயன்படுத்தினார்கள். ஒற்றைக் கண் பார்வை உள்ள பிள்ளையும் அதில் சமமாக விளையாடும். அந்த வழியில் யாரும் தொடர்ந்து போகாததுதான் எனக்குக் கவலை.

இப்போது ஆழம் முழுக்கத் தலைக்கவசத்துக்குள் போய்விட்டது. 2016இல் பிளேஸ்டேஷன் விஆர், 2023இல் அதன் இரண்டாவது. அவை 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று சோனியே சொல்கிறது. மச்சானின் மூத்தவளுக்கு பதினொன்று. கண்ணாடி இல்லாத 3டி திரைகளும் மறுபடி வருகின்றன. சாம்சுங் 2025இல் விற்கத் தொடங்கிய ஒன்று உங்கள் கண் எங்கே இருக்கிறது என்று கெமராவால் பார்த்துப் படத்தைத் திருப்பும். ஒருவருடைய கண்ணை மட்டும்தான் தொடரும். பக்கத்தில் இருக்கும் தம்பிக்குக் கிடையாது. வர்ச்சுவல் போயே திரும்பி வருகிறது. 2025 செப்டம்பரில் நிண்டெண்டோ அந்தப் பழைய விளையாட்டுகளைச் சுவிட்சில் தரப்போவதாக அறிவித்தது, முகம் புதைக்கும் சட்டம் உட்பட.

விஆர் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சத்திரசிகிச்சை படிக்கிறவருக்கு ஆழம் வேண்டும். ஒரு தனியறை உள்ள பெரிய ஆள் விரும்பினால் மாட்டிக்கொள்ளட்டும். என் வாதம் ஹோலில் வைக்கிற பெட்டியைப் பற்றியது. அதில் 3டி இருந்தால் 3டிஎஸ் மாதிரி ஒரு பொத்தானோடு இருக்கட்டும், அதை இழுத்துவிட்ட பிறகும் விளையாட்டு முழு விளையாட்டாக இருக்கட்டும். ஆழம் தெரிந்தால்தான் வெல்லலாம் என்று ஒரு விளையாட்டைச் செய்தால், நூற்றில் இரண்டு மூன்று பிள்ளைகளைத் தொடங்கும்போதே தோற்கடிக்கிறோம். பலருக்கு ஏன் தோற்கிறோம் என்றே தெரியாது. நான் கத்திய மாதிரி யாராவது கத்துவார்கள்.

சின்ன வயதில் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் எங்களுக்குக் கொண்டுவந்த அந்தப் பிளாஸ்டிக் கெமரா ஞாபகம் வருகிறது. ஒரு கண்ணை வைத்து, பொத்தானை அழுத்தினால் கஃபா, இன்னொரு தடவை அழுத்தினால் மதீனா. ஒற்றைக் கண்ணால் பார்ப்பது, ஆழமெல்லாம் கிடையாது. எங்கள் உம்மம்மா அதைக் கண்ணில் வைத்தால் கண்ணீர் வடியும். பிறகு அடுத்த ஆளுக்குக் கொடுப்பார். வீடு முழுக்கச் சுற்றி வந்து மறுபடி அவர் கைக்கே போகும்.

வாசிக்கிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி பிள்ளையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மெதுவாகப் பொத்தி, சுவரில் உள்ள கலண்டரை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத சின்னவர் என்றால் படத்தைக் காட்டிக் கேளுங்கள். பிறகு மற்றக் கண். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால், அல்லது ஒரு கண்ணைப் பொத்தும்போது மட்டும் பிள்ளை அழுது கையைத் தட்டிவிட்டால், நாள் கடத்தாமல் அரசாங்க வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். என் அட்டைப் பெட்டி ஆசிரியர் அறையில்தான் இருக்கிறது. கூட்டி வந்தால் தேயிலைப் படத்தையும் காட்டுகிறேன். யாருடைய பூட்டி என்று உங்களில் ஒருவர் அடையாளம் சொன்னாலும் ஆச்சரியமில்லை.

மச்சான், உங்களுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. இந்தப் பதிவைத்தான் அனுப்பப் போகிறேன். டிவியில் மாட்டுவதையே எடுங்கள், கொன்ட்ரோலர் இரண்டு எடுங்கள். சின்னவனின் கண்ணை வந்த அடுத்த நாளே பார்ப்போம்.